வீட்டு பியருக்கு வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டி: பிரிட்டனில் நீங்களே செய்து, ஒயரிங் முடிப்பது எப்படி

ஒரு ஜூலை மாதம் நான் போட்ட பியர் முழுவதும் நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை அடித்தது. இருபது லிட்டரும் சாக்கடைக்குத்தான் போனது. மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் எதிலும் குறையில்லை. அந்த வாரம் வீட்டுக்குள் 27 டிகிரி. நொதிக்கும்போது ஈஸ்ட்டே வெப்பத்தை வெளியிடும், அதனால் தொட்டிக்குள் இருக்கும் பியர் அறையைவிட மூன்று நான்கு டிகிரி கூடுதலாக இருக்கும். ஏல் என்ற பியர் வகைக்கான ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 வரை போதும். முப்பதைத் தொட்டால் அது வேண்டாத ஆல்கஹால்களையும் எஸ்டர்கள் எனும் வாடைப் பொருட்களையும் உண்டாக்கிவிடும், பிறகு எத்தனை மாதம் பாட்டிலில் வைத்தாலும் அந்த வாடை போகாது.

அதற்குப் பிறகுதான் பழைய ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கி, பியர் சூடானால் அந்த ஃபிரிட்ஜையும், குளிர்ந்தால் ஒரு சிறு ஹீட்டரையும் தானாகப் போட்டு அணைக்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியைச் செய்தேன். இரண்டு மாலையில் முடிந்திருக்க வேண்டிய வேலை மூன்று வார இறுதிகளை எடுத்துக்கொண்டது. எங்கெங்கே தவறினேன் என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது. நீங்கள் அதே இடங்களில் தடுக்கி விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது 230 வோல்ட் வேலை. பிளக்கில் ஒயர் மாட்டத் தெரியாது, மல்டிமீட்டரைக் கையில் பிடித்ததில்லை என்றால் இதை உங்கள் முதல் மின் வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள். இன்க்பேர்ட் ஐடிசி-308 போன்ற தயார் நிலைக் கருவிகள் கிடைக்கின்றன. 1, 2ஆம் படிகளைப் படித்துவிட்டு, அதை வாங்கிச் சொருகி, செட்டிங்கை அதனுடன் வரும் தாளைப் பார்த்துச் செய்துவிட்டு, நேராக 8ஆம் படிக்குப் போங்கள். 7ஆம் படியில் ஃபிரிட்ஜ் குமிழைப் பற்றிய கடைசிப் பத்தி மட்டும் உங்களுக்கும் பொருந்தும். அதில் ஒரு குறைவும் இல்லை.

1. சட்டமும் காகிதமும்

பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பியர் போட உரிமம் வேண்டாம், வரியும் இல்லை. நண்பர் காசு கொடுத்து ஒரு பாட்டில் வாங்கினாலும் அது விற்பனை. அதற்கு உரிமம் வேண்டும், வரித்துறையின் அனுமதியும் வேண்டும். காய்ச்சி வடிப்பது வேறு கணக்கு, உரிமம் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. ஊரில் இருக்கும் தம்பிக்கோ மச்சானுக்கோ இந்தக் கட்டுரையை அனுப்புவதாக இருந்தால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.

பிளக்கில் சொருகும் கருவியை நீங்களே செய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் கராஜில் ஃபிரிட்ஜுக்காகப் புதிய சர்க்யூட் ஒன்று இழுப்பதென்றால் அது கட்டட விதிகளுக்குள் வந்துவிடும். அதைப் பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படித்துவிட்டு, கராஜில் இன்னொரு ஃபிரிட்ஜ் ஓடப்போகிறது என்று வீட்டுக்காரருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவையுங்கள்.

ஒரு கவர் எடுத்து அதில் மூன்றைப் போட்டு வையுங்கள்: கன்ட்ரோலருடன் (வெப்பநிலையைப் பார்த்து சுவிட்ச் போடும் கருவி) வந்த தாள், வாங்கிய ரசீதுகள், நீங்கள் கையால் வரைந்த ஒயரிங் படம். மூடியை மூடும் முன் பெட்டியின் உட்புறத்தைப் போட்டோ எடுத்து அதையும் சேர்த்துவிடுங்கள். இரண்டு வருஷம் கழித்துத் திறக்கும்போது அந்தப் போட்டோதான் உங்களுக்கு வழிகாட்டும்.

2. ஃபிரிட்ஜை முதலில் வாங்குங்கள்

பலர் கன்ட்ரோலரை வாங்கிவிட்டு அதற்கு ஏற்ற ஃபிரிட்ஜைத் தேடுவார்கள், நானும் அப்படித்தான் செய்தேன். வரிசையை மாற்றுங்கள்.

உள்ளே உறைபெட்டி இல்லாத லார்டர் ஃபிரிட்ஜ்தான் வேண்டும். உறைபெட்டி இருந்தால் தொட்டி நிற்காது. அதை வளைத்து நகர்த்தப் பார்த்தால் உள்ளே ஓடும் குளிர்வாயுக் குழாய் உடைந்துவிடும். டேப்பை எடுத்துக்கொண்டு போய் உள் அகலம், ஆழம், உயரம் மூன்றையும் அளந்து பாருங்கள். கம்ப்ரசருக்காகப் பின்பக்கம் கீழே ஒரு மேடு இருக்கும், அதைக் கழித்துவிட்டுத்தான் ஆழத்தைக் கணக்கிட வேண்டும். தொட்டியின் உயரத்தோடு ஏர்லாக்கின் (வாயு வெளியேற மூடியில் சொருகும், தண்ணீர் ஊற்றிய சிறு குழாய்) உயரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, அதைவிட முக்கியம். வெப்பநிலையைத் திருகும் குமிழ் உள்ள பழைய பாணி ஃபிரிட்ஜாகப் பாருங்கள். டிஜிட்டல் திரையும் தொடு பொத்தானும் உள்ளவற்றில் சில, மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் தானாக ஓடாது, யாராவது பொத்தானை அழுத்த வேண்டும். நம் பெட்டி செய்யப்போவதே ஃபிரிட்ஜின் மின்சாரத்தை நிறுத்தி நிறுத்திக் கொடுப்பதுதான். நான் முதலில் வாங்கிய அழகான ஃபிரிட்ஜை இந்த ஒரே காரணத்துக்காக விற்க வேண்டியதாயிற்று. வாங்குமுன் விற்பவர் வீட்டிலேயே சுவர் சுவிட்சை அணைத்து, பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். தானாகக் கம்ப்ரசர் ஓடும் சத்தம் வந்தால் வாங்கலாம்.

காரில் படுக்கவைத்துக் கொண்டுவந்தால், நிமிர்த்தி வைத்து ஒரு நாள் கழித்துப் போடுங்கள். கம்ப்ரசர் எண்ணெய் தன் இடத்துக்குத் திரும்ப அந்த நேரம் வேண்டும்.

ஃபிரிட்ஜின் உடலில் துளை போடாதீர்கள். குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. இப்போதைய ஃபிரிட்ஜ்களில் இருக்கும் ஐசோபியூட்டேன் எரியும் வாயு. சென்சார் ஒயரும் ஹீட்டர் ஒயரும் கதவின் ரப்பர் வழியாகவே போகும், ரப்பர் அதைச் சுற்றி அமுங்கிக்கொள்ளும்.

3. வாங்க வேண்டியவையும் நான் கொடுத்த விலையும்

கன்ட்ரோலர்: எஸ்டிசி-1000. இதே பெயரில் 12 வோல்ட், 24 வோல்ட், 110 வோல்ட் வகைகளும் விற்கிறார்கள். 220 முதல் 240 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்பதை ஆர்டர் செய்யும்போது ஒருமுறையும், பார்சலைப் பிரித்ததும் இன்னொருமுறையும் பாருங்கள். 14 பவுண்டு.

பிளாஸ்டிக் பெட்டி: கன்ட்ரோலரின் முகம் சிறியது, ஆனால் உடல் 85 மி.மீ. நீளம். அதற்குப் பின்னால் ஒயர் வளைந்து திரும்பவும் இடம் வேண்டும். உள் ஆழம் குறைந்தது 110 மி.மீ. இருக்கட்டும். 9 பவுண்டு. உலோகப் பெட்டி வேண்டாம். அதற்கு எர்த் கொடுக்க வேண்டும், வெட்டுவதும் சிரமம்.

ஒற்றை ட்ரெய்லிங் சாக்கெட் இரண்டு: 7 பவுண்டு. அதாவது ஒயரின் நுனியில் தொங்கும் சாக்கெட். ஏன் இரட்டைச் சாக்கெட் கூடாது என்பதை ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

மூன்று இழை ஒயர், 1 சதுர மி.மீ., மூன்று மீட்டர்: 5 பவுண்டு. பிளக்கும் 5 ஆம்ப் ஃப்யூஸும்: 3 பவுண்டு. எம்20 அளவு கேபிள் கிளாண்ட் (பெட்டிக்குள் நுழையும் ஒயரை இறுக்கிப் பிடிப்பது) மூன்று: 3 பவுண்டு. ஐந்து வாய் வாகோ லீவர் கனெக்டர்கள் (பல ஒயர்களை ஒன்றாக இணைப்பவை): 5 பவுண்டு. உள்ளே கன்ட்ரோலருக்குத் துண்டு ஒயர் தேவைப்படும், அதை மீதியாகும் மூன்று இழை ஒயரைப் பிரித்தே எடுத்துக்கொள்ளலாம்.

இதுவரை 46 பவுண்டு. தயார் நிலைக் கருவியின் விலையும் ஏறத்தாழ இதே அளவில்தான் வரும். எனவே காசு மிச்சம் பிடிக்க இதைச் செய்யாதீர்கள். ஒரு பாகம் பழுதானால் அதை மட்டும் மாற்றலாம், ஒயரை நமக்கு வேண்டிய நீளத்துக்கு வைத்துக்கொள்ளலாம், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். நான் செய்தது இவற்றுக்காகத்தான்.

இதற்கு மேல் ஃபிரிட்ஜ் 25, தொட்டியைச் சுற்றிக் கட்டும் 25 வாட் ஹீட் பெல்ட் 19, சுவர் சாக்கெட்டில் சொருகும் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.டி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) 12. எல்லாம் சேர்த்து எனக்கு 102 பவுண்டு ஆனது. பெரிய ஹீட்டர் வேண்டாம். ஃபிரிட்ஜ் கதவை மூடினால் அதுவே நல்ல வெப்பக் காப்புப் பெட்டி, 25 வாட் தாராளம். என்றாவது ரிலே (கன்ட்ரோலருக்குள் இருக்கும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டு ஹீட்டர் அணையாமல் போனாலும், சிறிய ஹீட்டர் என்றால் சேதமும் சிறியதாகவே இருக்கும்.

4. பெட்டியை வெட்டுதல்

கன்ட்ரோலருக்கு 71 க்கு 29 மி.மீ. துளை. பென்சிலால் கோடு போட்டு, நான்கு மூலையிலும் சிறு துளையிட்டு, மெல்லிய ரம்பத்தால் அறுத்து, அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவுங்கள். துளை பெரிதாகிவிட்டால் பக்கவாட்டு கிளிப் பிடிக்காது. அடிப்பக்கம் கிளாண்டுகளுக்கு 20 மி.மீ. துளை மூன்று, சென்சார் ஒயருக்குச் சிறிய துளை ஒன்று. கிளாண்டுகள் கீழ்நோக்கி இருந்தால் தண்ணீர் சொட்டினாலும் உள்ளே இறங்காது. ஒரு மணி நேர வேலை.

5. ஒயரிங்

இந்த ஒரு வரி மனசில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது: கன்ட்ரோலர் ஹீட்டருக்கோ ஃபிரிட்ஜுக்கோ மின்சாரம் கொடுப்பதில்லை, இரண்டு சுவிட்சுகளைப் போட்டு அணைக்கிறது, அவ்வளவுதான். நான் முதல் மாலை முழுவதும் "வெளியே வரும் மின்சாரம் எந்த முனையில்?" என்று தேடிக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு முனையே அதில் இல்லை.

பின்னால் எட்டு முனைகள் இருக்கும். 1ம் 2ம் கன்ட்ரோலர் உயிரோடு இருக்கத் தேவையான மின்சாரம். 3ம் 4ம் சென்சார், எந்த ஒயர் எதில் என்ற பேதம் இல்லை. 5ம் 6ம் சேர்ந்து ஹீட்டருக்கான சுவிட்ச். 7ம் 8ம் சேர்ந்து ஃபிரிட்ஜுக்கான சுவிட்ச். நான் வாங்கியதில் இப்படி. உங்களுடையதில் மேலே ஒட்டியிருக்கும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

இப்போது மூன்று வாகோ கனெக்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது லைவ், பழுப்பு நிறம். இதில் நான்கு ஒயர்: பிளக்கிலிருந்து வருவது, முனை 1க்குப் போவது, முனை 5க்குப் போவது, முனை 7க்குப் போவது.

இரண்டாவது நியூட்ரல், நீலம். இதிலும் நான்கு: பிளக்கிலிருந்து வருவது, முனை 2க்கு, ஹீட்டர் சாக்கெட்டுக்கு, ஃபிரிட்ஜ் சாக்கெட்டுக்கு.

மூன்றாவது எர்த், பச்சை மஞ்சள். இதில் மூன்று: பிளக்கிலிருந்து வருவது, இரண்டு சாக்கெட்டுகளுக்கும் ஒவ்வொன்று. கன்ட்ரோலருக்கு எர்த் இல்லை.

மீதி இருப்பது இரண்டே ஒயர். முனை 6லிருந்து ஹீட்டர் சாக்கெட்டின் லைவுக்கு ஒன்று, முனை 8லிருந்து ஃபிரிட்ஜ் சாக்கெட்டின் லைவுக்கு ஒன்று. முடிந்தது.

சரி, இரட்டைச் சாக்கெட் விஷயம். இணையத்தில் காணும் வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எடுத்தவை. அங்கே இரட்டைச் சாக்கெட்டின் பக்கத்தில் இருக்கும் சிறிய பித்தளைத் தகட்டை உடைத்தால் இரண்டு பாதிகளும் தனித்தனி லைவ் ஆகிவிடும். நம் ஊர் பிரிட்டிஷ் இரட்டைச் சாக்கெட்டில் அந்த வசதி இல்லை. இரண்டு பக்கத்துக்கும் பின்னால் ஒரே லைவ் முனைதான். அதில் 6ஐயும் 8ஐயும் மாட்டினால் எது ஓடச் சொன்னாலும் ஹீட்டரும் ஃபிரிட்ஜும் சேர்ந்தே ஓடும். நான் அப்படி மாட்டி, பியர் ஏன் எந்தப் பக்கமும் நகரவில்லை என்று இரண்டு நாள் குழம்பினேன். அதே வீடியோக்களில் கறுப்பு ஒயர் லைவ், வெள்ளை நியூட்ரல். அந்த நிறங்களை மனசிலிருந்து அழித்துவிடுங்கள்.

சிறு சிறு எச்சரிக்கைகள் சில. வாகோவுக்கு 11 மி.மீ. உரிக்க வேண்டும், வெளியே செம்பு தெரியக் கூடாது. கன்ட்ரோலரின் திருகு முனைகளில் மாட்டும் ஒவ்வொரு இழைக்கும் ஃபெருல் (நுனியில் அழுத்திப் பொருத்தும் சிறு உலோகக் குழல்) போடுங்கள், ஒரே ஒரு செம்பு மயிரிழை வெளியே நீண்டிருந்தாலும் பக்கத்து முனையைத் தொட்டுவிடும். மாட்டியதும் ஒவ்வொரு ஒயரையும் விரலால் இழுத்துப் பாருங்கள். சென்சார் ஒயரை மின்சார ஒயர்களோடு சேர்த்துக் கட்டாமல் தனியாக ஓட விடுங்கள். கிளாண்டை நன்றாக முறுக்குங்கள், வெளியிலிருந்து யாராவது ஒயரை இழுத்தாலும் உள்ளே அசையக் கூடாது.

பிளக்கோடு சில சமயம் 13 ஆம்ப் ஃப்யூஸ் வரும். அதைக் கழற்றி 5 ஆம்ப் போடுங்கள். நாம் போட்டிருக்கும் ஒயர் 10 ஆம்ப் தாங்கும், கன்ட்ரோலரின் ரிலேயும் 10 ஆம்ப்தான். 13 போட்டால் ஃப்யூஸ் போகும் முன் மற்றவை சூடாகிவிடும். அப்புறம், இரண்டு சாக்கெட்டிலும் "ஹீட்டர்", "ஃபிரிட்ஜ்" என்று பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள். மாற்றிச் சொருகினால் குளிரும்போது ஃபிரிட்ஜும், சூடாகும்போது ஹீட்டரும் ஓடும்.

6. மின்சாரம் கொடுக்கும் முன்

ட்ரெய்லிங் சாக்கெட்டுகளின் மூடியைப் போடாதீர்கள். பிரிட்டிஷ் சாக்கெட்டுக்குள் ஷட்டர் இருப்பதால், மூடிவிட்டால் மல்டிமீட்டர் முனை உள்ளே போகாது. பிளக் சுவரில் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு அளக்கத் தொடங்குங்கள்.

பிளக்கின் எர்த் முள்ளிலிருந்து இரண்டு சாக்கெட்டின் எர்த்துக்கும் தொடர்ச்சி காட்ட வேண்டும். நியூட்ரலிலிருந்து நியூட்ரலுக்கும் அப்படியே. லைவ் முள்ளிலிருந்து 1, 5, 7 மூன்றுக்கும் தொடர்ச்சி வேண்டும். லைவ் முள்ளிலிருந்து இரண்டு சாக்கெட்டின் லைவுக்கும் தொடர்ச்சி இருக்கவே கூடாது, ஏனென்றால் சுவிட்ச் இன்னும் திறந்திருக்கிறது. லைவுக்கும் எர்த்துக்கும் நடுவே எதுவும் காட்டக் கூடாது. இவற்றில் ஒன்று தப்பினாலும் மேலே போகாதீர்கள். மறுபடி பிரித்து, வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து பாருங்கள்.

எல்லாம் சரியென்றால் மூடிகளைப் போட்டு, ஆர்.சி.டி. வழியாகச் சொருகுங்கள். முதல் சோதனைக்கு ஃபிரிட்ஜையும் ஹீட்டரையும் மாட்டாமல், இரண்டு சாக்கெட்டிலும் மேசை விளக்கு மாட்டுங்கள். சென்சாரை வெந்நீர் டம்ளரில் வைத்தால் ஃபிரிட்ஜ் பக்க விளக்கு எரிய வேண்டும். ஐஸ் தண்ணீரில் வைத்தால் ஹீட்டர் பக்க விளக்கு. வெந்நீரில் வைத்ததும் விளக்கு எரியாமல், கன்ட்ரோலரில் குளிர்ச்சிக்கான சிறு வெளிச்சம் மட்டும் மினுக்கினால் பயப்படாதீர்கள். அது கம்ப்ரசரைக் காக்கும் தாமதம், சில நிமிடம் பொறுங்கள். திரையில் ஈஈ என்று வந்து சத்தம் போட்டால் சென்சார் ஒயர் சரியாகப் பிடிக்கவில்லை.

7. செட்டிங்

எஸ் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் எஃப்1 வரும். மேல், கீழ் பொத்தான்களால் எஃப்4 வரை போகலாம். மதிப்பை மாற்ற, எஸ்ஸை அழுத்திப் பிடித்தபடியே மேல் அல்லது கீழ் பொத்தானை அழுத்த வேண்டும். முடிந்ததும் பவர் பொத்தானைத் தட்டிச் சேமியுங்கள். பத்து விநாடி சும்மா விட்டால் சேமிக்காமலே வெளியே வந்துவிடும். புதியவர்கள் அநேகம் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எஃப்1 நமக்கு வேண்டிய வெப்பநிலை. எஃப்2 எத்தனை டிகிரி விலகினால் வேலையைத் தொடங்க வேண்டும் என்பது, 0.5 வையுங்கள். எஃப்3 கம்ப்ரசர் நின்ற பிறகு எத்தனை நிமிடம் ஓய்வு என்பது. கருவி 3 நிமிடம் என்று வரும், நான் 10 வைத்திருக்கிறேன். பழைய ஃபிரிட்ஜுக்கு அந்த ஓய்வு நல்லது, இருபது லிட்டர் பியர் பத்து நிமிடத்தில் சூடாகிவிடாது. எஃப்4 சென்சாரின் பிழைத்திருத்தம். நொறுக்கிய ஐஸைக் கொஞ்சம் தண்ணீரோடு கலந்து, சென்சாரை அதில் வைத்துக் கலக்கி, ஐந்து நிமிடம் கழித்து 0 காட்டுகிறதா பாருங்கள். என்னுடையது 0.8 கூடுதலாகக் காட்டியது, எஃப்4இல் மைனஸ் 0.8 வைத்தேன்.

ஃபிரிட்ஜின் சொந்தக் குமிழை மிகக் குளிர்ந்த நிலைக்குத் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் நம் பெட்டி ஓடச் சொல்லும்போது அது "போதும்" என்று நின்றுவிடக்கூடும்.

8. சென்சாரை எங்கே வைப்பது

காற்றில் தொங்கவிடாதீர்கள். ஃபிரிட்ஜுக்குள் காற்று இரண்டு நிமிடத்தில் குளிரும், பியர் குளிர மணிக்கணக்கில் ஆகும். காற்றை அளந்தால் கன்ட்ரோலர் ஹீட்டரையும் ஃபிரிட்ஜையும் மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டே இருக்கும், பியரோ தன்பாட்டுக்கு 24ல் கொதித்துக்கொண்டிருக்கும்.

தொட்டியின் பக்கவாட்டில், பியர் மட்டத்தின் நடு உயரத்தில் சென்சாரை ஒட்டி, அதன் மேல் உள்ளங்கை அகலத்துக்குத் தடித்த ஸ்பான்ஜ் வைத்து டேப்பால் இறுக்குங்கள். ஸ்பான்ஜ் காற்றைத் தடுக்கும், சென்சார் தொட்டிச் சுவரின் சூட்டை மட்டும் உணரும். ஹீட் பெல்ட் அதிலிருந்து ஒரு சாண் தள்ளி, கீழே இருக்கட்டும். பெல்ட்டை ஒட்டி வைத்தால் சென்சார் பெல்ட்டின் சூட்டைப் பியரின் சூடாக நினைத்துக்கொள்ளும்.

9. ஒரு நாள் தண்ணீரில் ஓட்டிப் பாருங்கள்

இதைத் தவிர்க்காதீர்கள். தொட்டியில் இருபது லிட்டர் தண்ணீர் நிரப்பி, 18 வைத்து, ஒரு முழு நாள் ஓட விடுங்கள். மறுநாள் தனி வெப்பமானியால் தண்ணீரின் நடுவே அளந்து பாருங்கள், அரை டிகிரி வித்தியாசம் பரவாயில்லை. பிளக், ஒயர், பெட்டி மூன்றையும் தொட்டுப் பாருங்கள். எங்காவது சூடு தெரிந்தால் உடனே அணைத்துவிட்டு, அந்த இணைப்பைப் பிரித்துப் பாருங்கள்.

அப்புறம் பியர். ஏல் என்றால் நான் முதல் மூன்று நாள் 18, பிறகு 20. லாகர் (குளிரில் நொதிக்கும் பியர் வகை) என்றால் 12ல் தொடங்கி, கடைசியில் இரண்டு மூன்று டிகிரி ஏற்றி இரண்டு நாள் விட்டால் வெண்ணெய் வாடை போய்விடும். முடிவில் தெளிய வைக்க 3 டிகிரிக்கு இறக்குவதாக இருந்தால், அதற்கு முன் ஏர்லாக்கைக் கழற்றி, வாயை வேறு விதமாக மூடுங்கள். குளிரும்போது தொட்டிக்குள் காற்று சுருங்கி ஏர்லாக் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும்.

பியர் இல்லாத வாரங்களில் என் வீட்டில் இந்தப் பெட்டிக்கு வேறு வேலை உண்டு. ஜனவரியில் எங்கள் சமையலறை 16 டிகிரி, இட்லி மாவு இரண்டு நாளானாலும் பொங்காது. கழுவிய தொட்டியில் பெல்ட்டுக்கு மேல் நிற்கும்படி தண்ணீர் ஊற்றி, 30 வைத்து, மாவுப் பாத்திரத்தை அந்தத் தண்ணீரில் இறக்கிவிடுவேன். ராத்திரி வைத்தால் காலையில் மாவு விளிம்புவரை ஏறியிருக்கும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு ஊற்றாதீர்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிளக்கை உருவிவிட்டு மூடியைத் திறந்து, கன்ட்ரோலரின் எட்டுத் திருகுகளையும் பிளக்கின் மூன்று திருகுகளையும் ஒருமுறை இறுக்குங்கள். ஃபிரிட்ஜ் ஓடாத நாட்களில் உட்புறத்தைத் துடைத்துவிட்டு, கதவை ஒரு விரல் அகலம் திறந்தே வையுங்கள். மூடி வைத்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும்.